நான்கு மீட்டர் வாளி: பள்ளிச் செயல்திட்டத்துக்காக ஒரு பந்து எறியும் பொறி செய்த அனுபவம்

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவளுடைய மூன்று தோழிகளும் பள்ளியின் பொறியியல் செயல்திட்டத்துக்காகச் செய்த பந்து எறியும் பொறி, போட்டி நாளன்று பதினைந்து எறிதல்களில் பதினொரு பந்துகளை வாளிக்குள் போட்டது. தவறிய நான்கில் மூன்று ஒரே காரணத்தால் தவறின, அந்தக் காரணத்துக்கும் பொறிக்கும் தொடர்பே இல்லை என்பதை நாங்கள் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதுதான் கண்டுபிடித்தோம். ஆறு வாரங்களாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை வேளைகளிலும் நடந்த இந்த வேலையில் எங்கெங்கே வழி தவறினோம் என்பது மறந்துபோவதற்கு முன்னால் வரிசையாக எழுதிவைக்க நினைக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அளப்பது என் தொழில், செய்வது என் தொழில் அல்ல. ஆகவே இந்தப் பொறியில் வெட்டியதும் துளையிட்டதும் பெரும்பாலும் பிள்ளைகள்தான். லேத் வேலை மட்டும் கணபதி பகுதியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் நடந்தது.

பள்ளி கொடுத்த விதிகள் தெளிவாக இருந்தன. டென்னிஸ் பந்தை எறிய வேண்டும், மின்சாரமோ அழுத்தப்பட்ட காற்றோ தீப்பிடிக்கும் பொருளோ கூடாது, பொறி 60 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், செலவு 1,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியின் முன்விளிம்பிலிருந்து 2 மீட்டர், 3 மீட்டர், 4 மீட்டர் தொலைவுகளில் மூன்று வாளிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாய்ப்பு. பந்து துள்ளி வெளியே வராதபடி வாளிக்குள் அவர்களே மணல் போட்டுவைப்பார்கள். வாளியின் வாய் விட்டம் 28 செ.மீ. என்றும் உயரம் 28 செ.மீ. என்றும் மகள் பள்ளியிலேயே அளந்து வந்தாள். உயரத்தையும் அளந்து வந்தது எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதலில் பேச்சு கவண், உண்டிவில் என்ற திசையில் போனது. ரப்பர் பட்டை வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் ஒரு மாதிரியும் இழுக்கும் என்று நான் தயங்கியதால், பி.வி.சி. குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்துத் தள்ளும் அமைப்பு என்று முடிவானது. குழாயின் பின்முனையில் ஒரு மூடி, அந்த மூடியின் நடுவே ஒரு துளை, துளை வழியாகப் பின்னால் நீளும் ஒரு தண்டு, தண்டின் முன்முனையில் ஒரு வட்டத் தட்டு, தட்டுக்கும் மூடிக்கும் இடையே ஸ்பிரிங். தண்டைப் பின்னால் இழுத்தால் ஸ்பிரிங் அழுந்தும், விட்டால் தட்டு முன்னால் பாய்ந்து பந்தைத் தள்ளும். எங்கள் பட்டறை மொழியில் தட்டும் தண்டும் சேர்ந்தது பிளஞ்சர்.

தெரிந்த பிளம்பர் ஒருவரிடம் 75 மி.மீ. குழாயில் மிச்சத் துண்டு 40 செ.மீ. கிடைத்தது. வெர்னியர் வைத்து அளந்ததில் உள்விட்டம் 68.6 மி.மீ. இருந்தது. கடையில் வாங்கிய நான்கு பந்துகளும் 64-லிருந்து 66.5 மி.மீ. வரை இருந்ததால் குழாய் பொருந்தியது. பந்து மெத்தென்று இருப்பதால் வெர்னியரின் தாடை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு குறைத்துக் காட்டும். அட்டையில் வட்டமாக வெட்டிய துளைகளுக்குள் பந்தை நுழைத்துப் பார்ப்பது அதைவிட நம்பகமாக இருந்தது.

ஸ்பிரிங்குக்காக உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தோம். 2 மி.மீ. கம்பியில், வெளிவிட்டம் 30 மி.மீ., நீளம் 180 மி.மீ., 24 சுற்றுகள் கொண்ட ஒரே மாதிரி ஸ்பிரிங்குகள் இரண்டு, ஒன்று 40 ரூபாய் என்று கிடைத்தன. சமையலறையில் ஸ்பிரிங்கை ஒரு குழாய்த் துண்டுக்குள் நிறுத்தி, மேலே ஒரு கிலோ, இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று அரிசிப் பைகளை வைத்து அளந்தார்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் 30 மி.மீ. அழுந்தியது. இந்த நேர்க்கோட்டைத் தாளில் போட்டதும் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. 100 மி.மீ. அழுத்தினால் ஏறத்தாழ 1.6 ஜூல் ஆற்றல், பந்தின் எடை 58 கிராம், ஆகவே வேகம் நொடிக்கு ஏழரை மீட்டர், 45 டிகிரியில் எறிந்தால் 5.7 மீட்டர் போகும் என்று மகள் கணக்குப் போட்டாள். 4 மீட்டருக்கு இது தாராளம் என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டோம். நானும்தான்.

முதல் எறிதல் 1 மீட்டர் 10 செ.மீ. போனது.

உராய்வு என்று நினைத்து குழாயின் உட்புறத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். பந்தின் மேல் இருக்கும் மயிரிழைகள் எண்ணெயைக் குடித்துக்கொண்டு, அந்தப் பந்து அன்று முழுவதும் எங்கே தொட்டாலும் பிசுபிசுத்தது. பிறகு ஷாம்பு, பிறகு முகப்பவுடர். பவுடர் மட்டும் கொஞ்சம் உதவியது, அதுவும் 10 செ.மீ. அளவுக்குத்தான். ஒரு வாரம் இப்படியே போனபின் பொறியைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். அண்ணன் அதை இயக்கிக்கூடப் பார்க்கவில்லை, தண்டை வெளியே எடுத்துக் கையில் வைத்து இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டினார். "கண்ணு, இந்த ஸ்பிரிங்கு பந்தை மட்டுமா தள்ளுது? இந்தக் கம்பியையும் சேத்துத்தான தள்ளுது?" என்றார்.

எடை போட்டுப் பார்த்தோம். 8 மி.மீ. இரும்புக் கம்பி 35 செ.மீ. நீளத்துக்கு 138 கிராம், மரத் தட்டும் நட்டுகளும் சேர்த்து 190 கிராம். அதாவது 58 கிராம் பந்தைத் தள்ளுவதற்காக அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ள ஒன்றையும் சேர்த்து ஓடவைத்திருக்கிறோம். ஸ்பிரிங்கும் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு ஓடுகிறது, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மகள் பின்னர் ஆசிரியரிடம் கேட்டு வந்தாள். எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட புதுக் கணக்கில் வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டருக்கு இறங்கியது. நாள் முழுவதும் எடையும் அளவும் பார்க்கிற நான், ஆறு நாட்களாகக் குழாய்க்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தக் கம்பியைத் தராசில் வைக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது பிளஞ்சர் 10 மி.மீ. வெளிவிட்டமும் 1 மி.மீ. கனமும் உள்ள அலுமினியக் குழாயில் செய்யப்பட்டது. அதன் எடை 27 கிராம்தான். தட்டு 6 மி.மீ. பிளைவுட்டில் 66 மி.மீ. வட்டமாக வெட்டியது. பந்து உட்காருவதற்காகத் தட்டின் முகத்தில் 40 மி.மீ. பி.வி.சி. குழாயிலிருந்து 15 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய ஒரு வளையத்தை ஒட்டினோம். முன்பு தட்டையான முகத்தில் பந்து குழாயின் அடிப்பக்கமாகச் சரிந்து நின்று, போகும்போது அடியை உராய்ந்தபடி உருண்டுகொண்டே வெளியேறியது. வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்ததும் அது எப்போதும் நடுவிலேயே நின்றது. மொத்தப் பிளஞ்சரும் 55 கிராம். அதே ஸ்பிரிங், அதே 100 மி.மீ. அழுத்தம், பந்து 2 மீட்டர் 10 செ.மீ. போனது.

இங்கே இன்னொரு தவறு. சுற்றுகளைக் குறைத்தால் ஸ்பிரிங் விறைக்கும் என்று எங்கோ கேட்டதை வைத்து, ஒரு ஸ்பிரிங்கில் ஆறு சுற்றுகளை அறுத்துவிட்டோம். விறைப்பு உண்மையாகவே கூடியது, கிலோவுக்கு 22 மி.மீ. என்று ஆனது. ஆனால் நீளம் 135 மி.மீ.க்குக் குறைந்ததால் 95 மி.மீ.க்கு மேல் அழுத்த இடமில்லை. அறுக்காத ஸ்பிரிங்கையே 125 மி.மீ. வரை அழுத்தியிருந்தால் இதைவிடக் கூடுதல் ஆற்றல் கிடைத்திருக்கும். அறுத்த முனை கூராக நின்று பிளைவுட் தட்டைக் கிழித்தது வேறு. நாற்பது ரூபாய் போனது.

மூன்றாவது ஸ்பிரிங்கை ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் கடையில் சொல்லிச் செய்தோம். கம்பி 2.5 மி.மீ., மற்ற அளவுகள் பழையபடியே, விலை 180 ரூபாய். கம்பி அரை மி.மீ. தடித்ததற்கே விறைப்பு இரண்டரை மடங்காகிவிட்டது, 5 கிலோ வைத்தால்தான் 59 மி.மீ. அழுந்தியது. 90 மி.மீ. அழுத்தத்தில் பந்து 3 மீட்டர் 95 செ.மீ. போனது, இன்னும் கொஞ்சம்தான் தேவை என்று தெரிந்தது. அந்தக் கொஞ்சம் வந்த வழி எதிர்பாராதது. தட்டு குழாய்க்குள் ஏறக்குறைய அடைத்துக்கொண்டு ஓடுவதால், அது முன்னால் போகும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி அதை இழுத்துப் பிடிக்கிறது என்பதை மகளின் தோழி ஒருத்திதான் கவனித்தாள். பந்து வெளியேறும் சத்தம் சிரிஞ்சை இழுப்பது போல இருக்கிறது என்றாள். பின்மூடியை ஒட்டிய பகுதியில் குழாயைச் சுற்றி 10 மி.மீ. துளைகள் எட்டுப் போட்டதும் தூரம் 4 மீட்டர் 30 செ.மீ. ஆனது. பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும் என்று வீட்டில் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

தூரம் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. 4 மீட்டர் போவது ஒன்று, பத்து முறையும் அதே இடத்துக்குப் போவது வேறொன்று. மொட்டை மாடியில் காற்று எழும்புவதற்கு முன் காலை ஆறு மணிக்குப் பொறியை வைத்து, பந்து விழும் இடத்தில் தரையில் மெல்லியதாகக் கோலமாவைத் தூவி, ஒவ்வொரு தடத்தையும் டேப்பால் அளந்தோம். பத்துப் பந்துகள் விழுந்த இடங்களில் மிக அருகிலிருந்ததற்கும் மிகத் தொலைவிலிருந்ததற்கும் இடையே 62 செ.மீ. சிதறல் இருந்தது. வாளியின் வாய் 28 செ.மீ., பந்தின் அகலத்தைக் கழித்தால் நமக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 21 செ.மீ. மட்டும்.

குற்றவாளி டிரிக்கர். தண்டில் துளையிட்டு அதில் ஆணி செருகி, ஆணியை நூலால் இழுத்தால் பொறி இயங்கும் என்று வைத்திருந்தோம். ஏழு கிலோ விசை ஆணியின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும்போது அது வழுக்கிக்கொண்டு வராது, திணறித் திணறி வந்து கடைசியில் வெடுக்கென்று விடும். அந்த வெடுக்கில் பொறி முழுவதும் அசையும். அத்துடன் அலுமினியத் துளை நாற்பது எறிதல்களுக்குள் முட்டை வடிவமாகிவிட்டது.

ஆகவே தண்டில் துளையோ வெட்டோ வேண்டாம் என்று முடிவு செய்து, தண்டின் பின்முனையில் லேத்தில் கடைந்த சிறிய இரும்பு வளையம், அதாவது காலர் ஒன்றைப் பொருத்தினோம். அந்தக் காலரைப் பிடித்துக்கொள்ள 5 மி.மீ. பட்டை இரும்பில் ஒரு கொக்கி. கொக்கி 6 மி.மீ. போல்ட்டில் சுழலும், காலரைப் பிடிக்கும் கை 15 மி.மீ., இழுக்கும் கை 75 மி.மீ. ஐந்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தால் டிரிக்கரை ஒற்றை விரலால் இழுக்க முடிந்தது. இழுப்பதற்குச் சைக்கிள் பிரேக் பிடியும் அதன் ஒயரும். இழுப்பவரின் கை பொறியைத் தொடவே தேவையில்லை, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கலாம் என்பது பாதுகாப்புக்கும் நல்லது, சிதறலுக்கும் நல்லது.

கொக்கியின் பிடிமுகத்தை முதலில் உட்பக்கம் சரிவாக, தூண்டில் மாதிரி அரம் போட்டு எடுத்தோம், தானாக நழுவிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அப்படிச் செய்தால் டிரிக்கரை இழுக்கும்போது கொக்கி காலரை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிய பிறகே விடுகிறது, மறுபடி அதே வெடுக்கு. முகத்தைச் செங்குத்தாக்கி, மிக லேசான உட்சரிவு மட்டும் விட்டு, எண்ணெய்க் கல்லில் தேய்த்து மழமழப்பாக்கியதும் சிதறல் 62-லிருந்து 24 செ.மீ.க்கு வந்தது. இந்த முழுத் திட்டத்திலும் மிக அதிகப் பலன் தந்த அரை மணி நேரம் அந்தக் கல்லில் தேய்த்த அரை மணி நேரம்தான் என்பது என் கருத்து.

மூன்று தூரங்களுக்கும் எதை மாற்றுவது என்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய விவாதம் நடந்தது. கோணத்தை மாற்றுவது பார்க்க எளிதாகத் தெரிந்தது, குழாயைச் சாய்த்தால் போதும். ஆனால் 4 மீட்டர் எறியும் அதே வேகத்தில் 2 மீட்டர் எறிய வேண்டுமானால் 15 டிகிரியோ 75 டிகிரியோ வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு டிகிரி பிசகினால் பந்து 12 செ.மீ. தள்ளி விழுகிறது. 45 டிகிரியிலோ மூன்று டிகிரி பிசகினாலும் 4 மீட்டரில் 2 செ.மீ.தான் மாறும். அதனால் குழாயை 45 டிகிரியில் நிரந்தரமாக இறுக்கிவிட்டு, அழுத்தும் தூரத்தை மாற்றுவது என்று தீர்மானித்தோம். கொக்கியை ஒரு சிறிய பலகையில் பொருத்தி, அந்தப் பலகை நீள் துளையில் முன்னும் பின்னும் நகர்ந்து பட்டர்ஃபிளை நட்டால் இறுகும்படி செய்தார்கள். பக்கத்தில் ஒரு எஃகு அளவுகோலை ஒட்டினோம். தூரம், அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்ற கணக்கு இங்கே ஏமாற்றவில்லை. 4 மீட்டருக்கு 84 மி.மீ. என்று சோதனையில் கண்ட பிறகு, 3 மீட்டருக்கு 73, 2 மீட்டருக்கு 59 என்று கணக்கில் வந்த எண்களை வைத்தே எறிந்தோம், இரண்டும் 4 செ.மீ. வித்தியாசத்துக்குள் விழுந்தன.

ஆனால் அந்த 84 மி.மீ.யை அடைவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் குழம்பியதைச் சொல்ல வேண்டும். தரையில் சரியாக 4 மீட்டரில் விழுந்த பந்து, அதே இடத்தில் வாளியை வைத்தால் அதன் முன்பக்கத்தில் போய் மோதியது. தரையில் 4 மீட்டரைத் தொடுகிற பந்து ஏறத்தாழ 45 டிகிரியில் இறங்குவதால், வாளியின் வாய் உயரமான 28 செ.மீ.யைக் கடக்கும்போது இன்னும் 28 செ.மீ. அளவுக்கு முன்னால்தான் இருக்கும். வாளியின் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே பிளைவுட் பலகையை வைத்து, கோலமாவைப் பலகையில் தூவி மறுபடியும் எல்லாவற்றையும் அளந்தோம்.

பந்துகளிலும் வேறுபாடு இருந்தது. நான்கு பந்துகளுக்கும் மார்க்கரால் எண் போட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்தியதில் 57, 58, 52, 58 கிராம் என்று காட்டியது. மூன்றாம் எண் பந்து எடை குறைந்தது, மற்றவற்றைவிட 15 செ.மீ.க்கு மேல் தள்ளி விழுந்துகொண்டே இருந்தது. அதை என் மகனிடம் தெருக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்றோடு எறிந்தோம். சிதறல் 14 செ.மீ. ஆனது, அதற்குமேல் குறையவில்லை.

உடைந்தவை பற்றியும் கொஞ்சம். காலர் ஒவ்வொரு முறையும் பின்மூடியில் வந்து மோதி நிற்பதால், பதினான்காவது எறிதலில் பி.வி.சி. மூடி நட்சத்திர வடிவில் விரிந்துவிட்டது. புது மூடிக்குப் பின்னால் 12 மி.மீ. பிளைவுட் வட்டமும் அதன்மேல் 6 மி.மீ. ரப்பர் வாஷர்கள் இரண்டும் வைத்த பிறகு இருநூறு எறிதல்களுக்கு மேல் தாங்கியது. தண்டை இழுக்க முதலில் மரப் பிடி ஒன்றைத் தண்டோடு திருகியிருந்தோம், பின்னர் அதுவும் பிளஞ்சரோடு ஓடும் எடைதானே என்று உறைத்ததும், காலரில் மாட்டி இழுத்துவிட்டுக் கையோடு எடுத்துவிடும் கவைக்கோல் ஒன்றைச் செய்தோம். ஒருமுறை கொக்கி சரியாக மாட்டாமலே நான் கையை எடுத்ததில் காலர் கட்டைவிரல் நகத்தில் அடித்துவிட்டது, நகம் கறுத்து விழ மூன்று வாரமாயிற்று. அன்றே காலருக்கு முன்னால் குறுக்கே செருகும் 4 மி.மீ. பாதுகாப்புப் பின் ஒன்று சேர்ந்தது. பந்தைப் போட்ட பிறகே தண்டை இழுப்பது, பாதுகாப்புப் பின் செருகியிருந்தாலும் யாரும் குழாயின் வாய்ப்பக்கம் போகாதது என்பதும் அன்றிலிருந்து வழக்கமானது.

செலவுக் கணக்கை மகள் ஒரு தனி நோட்டில் எழுதினாள். குழாய் 60, மூடி இரண்டு 90, பழைய ஸ்பிரிங்குகள் 80, புது ஸ்பிரிங் 180, இரும்புக் கம்பி 35, அலுமினியக் குழாய் 90, பிளைவுட் 150, பிரேக் பிடியும் ஒயரும் 120, போல்ட் நட்டு வகையறா 85, லேத் கூலி 150, பந்துகள் 280, ஆக 1,320 ரூபாய். உடைந்ததையும் அறுத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, பொறியில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும் என்று ஆசிரியர் சொன்னாராம். அப்படிப் பார்த்தால் 1,160 தான். மகள் இரண்டையும் எழுதிக் கொடுத்தாள். கோலமாவு என் கணக்கு.

போட்டி நாள். 2 மீட்டர் வாளியில் ஐந்தும் விழுந்தன. 3 மீட்டரில் நான்கு. ஒன்று விளிம்பில் பட்டு வெளியே போனது, அதற்குக் காரணம் தேடவில்லை. 4 மீட்டரில் முதல் பந்து இடப்பக்கமாகத் தவறியது. இரண்டாவதும் மூன்றாவதும் இடப்பக்கமே தவறின. தூரம் மூன்றிலும் சரியாக இருந்தது. எங்கள் சோதனையெல்லாம் சொரசொரப்பான மொட்டை மாடித் தரையில் நடந்திருந்தது. பள்ளி அரங்கமோ மெருகேற்றிய கிரானைட். ஒவ்வொரு எறிதலுக்கும் பொறி ஒன்றரை செ.மீ. அளவு பின்னால் வழுக்கியது, வழுக்கும்போது கொஞ்சம் திரும்பியது, பிள்ளைகள் அதைக் கண்ணளவாகப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார்கள். 4 மீட்டரில் இரண்டு டிகிரி திரும்பினால் 14 செ.மீ. பக்கவாட்டில் விலகும், வாளிக்கு வெளியே போக அது போதும். இதைக் கவனித்த என் மகள் ஓடிப்போய் நான்கு பேருடைய புத்தகப் பைகளையும் எடுத்து வந்து அடிப்பலகையின் மேல் அடுக்கினாள். நடுவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு அனுமதித்தார்கள். கடைசி இரண்டும் உள்ளே விழுந்தன.

முதல் பரிசு, எடைக்கல் கீழே இறங்கும் விசையால் நீண்ட கை பந்தை வீசும்படி செய்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குப் போனது, பதின்மூன்று பந்துகள். அது நியாயமான பரிசு. எடைக்கல் தளர்வதில்லை. எங்கள் ஸ்பிரிங் இருநூறு எறிதல்களுக்குப் பிறகு 180-லிருந்து 178 மி.மீ.க்குக் குறுகி, 4 மீட்டரில் தூரம் குறையத் தொடங்கியிருந்தது. போட்டிக்கு முந்தைய இரவு அளவுகோலில் கொக்கியை ஒரு மயிரிழை பின்னால் நகர்த்திச் சரிசெய்தோம். புது ஸ்பிரிங்கை முழுவதுமாக அழுத்தி ஓர் இரவு வைத்திருந்தால் குறுக வேண்டியது அப்போதே குறுகி, பிறகு நிலையாக நின்றிருக்கும் என்று ஸ்பிரிங் கடைக்காரர் பின்னர் சொன்னார். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்.

மறுபடி செய்வதானால் மூன்றை மாற்றுவேன். தண்டுக்கு இப்போது பின்மூடியின் துளை ஒன்றுதான் ஆதாரம், அதனால் தட்டு லேசாகத் தலையாட்டிக்கொண்டு ஓடுகிறது. 40 மி.மீ. இடைவெளியில் தண்டைத் தாங்கும் நைலான் வளையங்கள் (புஷ்) இரண்டு வைத்தால் அந்த 14 செ.மீ. இன்னும் இறங்கும் என்று நினைக்கிறேன். பிரேக் ஒயரின் உறை பொறியின் அடிப்பலகையில் இறுகாமல் தொங்குவதை ஒரு கிளிப்பால் பிடிப்பேன். அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் ரப்பர் கால் வைப்பேன்.

மூன்றாவதை மட்டும் போட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்த்தோம். பழைய சைக்கிள் டியூபை நான்கு துண்டுகளாக வெட்டி மூலைகளில் ஒட்டி, வீட்டு வரவேற்பறையின் வழவழப்பான டைல்ஸ் தரையில் வைத்து, 4 மீட்டரில் வாளியோடு பத்து எறிதல்கள். பொறி அசையவில்லை. எட்டு உள்ளே விழுந்தன. தவறிய இரண்டும் வாளியைத் தாண்டி, ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது விசித்திரமாக இருந்ததால், அந்த இரண்டையும் எறிந்த பந்து எதுவென்று தேடினோம். மார்க்கர் அழிந்து, மயிரிழைகள் தேய்ந்து, ஒரு பக்கம் செம்மண் கறையோடு இருந்தது. தராசில் வைத்தால் 52 கிராம். கிரிக்கெட் முடிந்து வந்த என் மகன் அதை மற்ற பந்துகள் இருந்த கூடையிலேயே போட்டிருக்கிறான்.